சாம்பியன் மேல் எடைக்கு ஏறலாமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி குத்துச்சண்டைப் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய சண்டை நமக்கு ஞாயிறு காலை டீயோடு வருகிறது. அது முடிந்ததும் ஓசூரிலும் தர்மபுரியிலும் ஜிம் பசங்களிடையே கிளம்பும் முதல் வாக்குவாதம் எடையைப் பற்றியதுதான். அங்கே கேட்கப்படும் கேள்விகளோடு, பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

"ஒரு பிரிவு ஏறினான்" என்றால் எத்தனை கிலோ?

எந்தப் பிரிவு என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தொழில்முறைச் சண்டையில் எல்லாமே பவுண்டு கணக்கு; ஒரு பவுண்டு 454 கிராம். ஃப்ளைவெயிட் 112 பவுண்டு. அதிலிருந்து 115க்கு ஏற ஒன்றரைக் கிலோகூட வேண்டாம். வெல்டர்வெயிட் 147லிருந்து 154க்கு 3.2 கிலோ. மிடில்வெயிட் 160லிருந்து 168க்கு 3.6 கிலோ. லைட் ஹெவி 175லிருந்து க்ரூசர்வெயிட் 200க்கோ 11.3 கிலோ, அதாவது உடல் எடையில் 14 சதவீதம். அதற்கும் மேலே ஹெவிவெயிட்டில் உச்சவரம்பு என்று ஒன்றே இல்லை. அதனால் கிலோவை விட்டுவிட்டு சதவீதத்தில் யோசியுங்கள். 5 சதவீதம் வரை ஏறுவது ஒரு ரகம், அதைத் தாண்டினால் வேறு ரகம்.

பட்டம் கையில் இருக்கும்போது எதற்காக ஏற வேண்டும்?

பணத்துக்காக. அல்லது தராசு விடவில்லை என்பதற்காக.

டெரன்ஸ் கிராஃபர்ட் 2023 ஜூலையில் எரோல் ஸ்பென்ஸை வீழ்த்தி 147 பவுண்டில் எல்லா அமைப்புகளின் பட்ட பெல்ட்டையும் சேர்த்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பிரிவில் அவருக்குப் பெரிய தொகை தரக்கூடிய ஆள் யாரும் மிச்சமில்லை. பெரிய பணம் 168இல் கனேலோ அல்வாரஸிடம் இருந்தது. இது பணக் காரணம்.

மேனி பாக்கியாவ் கதை வேறு. 1998இல் 112 பவுண்டு பட்டம் வென்றவர், 1999 செப்டம்பரில் அந்த எடைக்கு இறங்க முடியாமல் தராசிலேயே பட்டத்தை இழந்தார். சண்டையிலும் மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் நேராக 122இல் இறங்கினார். அவர் எட்டுப் பிரிவு ஏறிய கதையை வியப்போடு சொல்பவர்கள் இந்தத் தொடக்கத்தைச் சொல்வதில்லை. 20 வயது உடல் வளர்ந்துகொண்டிருந்தது, அவர் அதன் பின்னால் போனார். அவ்வளவுதான்.

இரண்டு காரணமும் சேர்ந்து வந்தால் முடிவு எளிது. பணம் மட்டுமே காரணம் என்றால் அடுத்த பதிலை நிதானமாகப் படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஏறலாமா வேண்டாமா?

ஏற்கெனவே எடை இறக்கத் திணறுபவர், ஒரே ஒரு பிரிவு, நடுவில் ஒரு முன்னோட்டச் சண்டை என்றால் ஏறலாம். ஏறாமல் இருப்பதுதான் ஆபத்து. எடையில் சுகமாக நிற்பவர், இரண்டு பிரிவு ஒரே தாவு, எதிரே அந்தப் பிரிவின் உச்சத்தில் இருக்கும் சாம்பியன் என்றால் வேண்டாம்.

இரண்டாவது வகையில் அடிபட்டவர்கள் நிறைய. 147 சாம்பியன் கெல் புரூக் 2016 செப்டம்பரில் 160க்குத் தாவி கென்னடி கொலோவ்கினோடு மோதினார். வேகமாகத்தான் ஆடினார், இரண்டாவது ரவுண்டில் நன்றாகவே அடித்தார். ஆனால் கண்குழி எலும்பு உடைந்து ஐந்தாவது ரவுண்டில் அவருடைய கார்னரே (மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழு) சண்டையை நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம் 147இல் ஆடிவந்த ஆமிர் கான் 155 பவுண்டில் கனேலோவை ஐந்து ரவுண்டு வேகத்தால் சமாளித்தார். ஆறாவதில் ஒரே வலதுகைக் குத்து, கதை முடிந்தது. 135 சாம்பியன் மைக்கி கார்சியா 2019இல் 147க்குப் போய் ஸ்பென்ஸிடம் 12 ரவுண்டையும் இழந்தார். மூன்று நடுவர்களில் ஒருவர்கூட ஒரு ரவுண்டை அவருக்குத் தரவில்லை. 122இல் யாராலும் தொட முடியாத ரிகாண்டோ 2017இல் 130க்குப் போய் லோமசென்கோவிடம் ஆறு ரவுண்டோடு ஸ்டூலிலிருந்து எழவில்லை.

நால்வருமே திறமையில் குறைந்தவர்கள் அல்ல. அதை மறக்க வேண்டாம்.

அப்படியென்றால் கிராஃபர்ட் எப்படி ஜெயித்தார்?

147லிருந்து 154க்கு வந்து, அங்கிருந்து 160ஐத் தாண்டி 168க்கே போனவர் அவர். 2025 செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் 116-112, 115-113, 115-113 என்று கனேலோவை வென்றார். எங்கள் கணக்கில் மூன்று விஷயம் அவர் பக்கம் இருந்தது.

முதலில் கை நீளம். கிராஃபர்டின் வீச்சு 74 அங்குலம், கனேலோவுடையது 70.5. எடையில் சிறியவர், தூரத்தில் பெரியவர். உயரத்திலும் கனேலோ அவரைவிட ஓங்கியவர் இல்லை. இரண்டாவது, அதற்கு முந்தைய சண்டை 2024 ஆகஸ்டில். நடுவே 13 மாதம் இருந்தது. மூன்று மாத முகாமில் எடையைத் திணித்துக்கொண்டு வரவில்லை. மூன்றாவது, கனேலோ முன்னே நடந்து வந்து ஒற்றைக் குத்தாகக் கனமாக அடிப்பவர். சிறியவரை மூலையில் அழுத்தி, மேலே சாய்ந்து, மூச்சை வாங்கும் ரகம் இல்லை. ஸ்பென்ஸ் அந்த ரகம். அதனால்தான் மைக்கி கார்சியாவுக்கு அப்படி ஆனது.

எதிராளியைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. கனேலோவே இதற்கு இரு பக்கச் சாட்சி: 2019இல் 175க்கு ஏறி 36 வயது கோவலேவை 11ஆவது ரவுண்டில் சாய்த்தார், 2022இல் அதே 175இல் உச்சத்தில் இருந்த பிவோலிடம் தோற்றார்.

எடை கூடினால் குத்தும் கூடுமே, என்ன நஷ்டம்?

ஓரளவுக்குக் கூடும். ஆனால் கூடாதவற்றின் பட்டியல் நீளம். கை நீளம், தோள் அகலம், மணிக்கட்டு எலும்பு, தாடை எதுவும் வளராது. மேலே இருப்பவர் அந்தச் சட்டகத்தோடு பிறந்தவர். எடை பார்ப்பது முந்தின நாள் என்பதால், சண்டை இரவில் அவர் வரம்பைவிட ஐந்தாறு கிலோ கூடுதலாக ரிங்கில் நிற்பார்; ஏறி வந்தவர் பெரும்பாலும் தராசில் காட்டிய எடையிலேயே நிற்பார். 2010இல் பாக்கியாவ் 154 பட்டத்துக்கு மார்கரிட்டோவோடு மோதியபோது ரிங்கில் ஒருவர் 148 பவுண்டு, இன்னொருவர் 165. பாக்கியாவ் ஜெயித்தார், மார்கரிட்டோவின் கண்குழியையே உடைத்தார். ஆனாலும் அந்த எடையில் மறுபடி ஆடவே இல்லை. அதுதான் புத்திசாலித்தனம்.

பார்ப்பவர்கள் குத்தை மட்டும் கவனிக்கிறார்கள். உண்மையில் சிறியவரைக் கரைப்பது கிளிஞ்ச், அதாவது கட்டிப் பிடித்து நிற்பது. பெரியவர் கழுத்தில் முழங்கையைப் போட்டு ஒவ்வொரு முறையும் தன் எடையைச் சாய்ப்பார். எட்டாவது ரவுண்டில் தொடை நடுங்கும். கால் நின்றால் வேகம் போய்விடும், வேகம் போனால் ஏறி வந்தவரிடம் வேறென்ன இருக்கிறது?

கிளவுஸும் மாறுகிறது. 147 வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் பொதுவாக 10 அவுன்ஸ். ஒரு கைக்கு 57 கிராம்தான், ஆனால் 12 ரவுண்டு தூக்க வேண்டும். தடுக்கும்போது மறைப்பு கொஞ்சம் கூடுகிறது. இடைவெளியில் நுழைந்து குத்துபவருக்கு அந்த இடைவெளி சுருங்குகிறது. ஏறத் தீர்மானித்த அன்றிலிருந்தே மாஸ்டர் பிடிக்கும் பேடில் குத்திப் பழகுவதையும் 10 அவுன்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக ஏறியவர் என்று யாரைப் பார்த்துக் கற்கலாம்?

உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கை. 2018இல் க்ரூசர்வெயிட்டில் எல்லா பெல்ட்டும் எடுத்தவர், மறுநாளே ஹெவிவெயிட் சாம்பியனிடம் போகவில்லை. 2019 அக்டோபரில் விதர்ஸ்பூனோடு 215 பவுண்டில் ஒரு சண்டை. 2020இல் சிசோராவோடு 217. சிசோரா முட்டித் தள்ளும் முரட்டு ஆள். பெரியவரின் சாய்வைத் தாங்க முடிகிறதா என்று பார்க்க அவரைவிட நல்ல பரீட்சை கிடைக்காது. 2021 செப்டம்பரில் ஜோஷுவாவோடு 221. 2024 மே மாதம் ஃபியூரியை வென்று ஹெவிவெயிட்டின் எல்லா பெல்ட்டும். 215க்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் ஓரிரு கிலோ, ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்விக்கு விடை.

நவோயா இனோயேயும் அப்படித்தான். 2014இல் 108 பவுண்டு பட்டம், அங்கே எடை இறக்கத் திணறி அதே ஆண்டு 115, 2018இல் 118, 2023இல் 122. ஆறேகால் கிலோ ஏற ஒன்பது ஆண்டு.

ஏறிப் பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்றால் திரும்ப இறங்கிவிடலாமே?

இந்த யோசனையைத்தான் நாங்கள் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறோம். தொப்பூர் கணவாயில் லாரிக்கு ஆபத்து ஏற்றத்தில் வருவதில்லை, சேலம் பக்கம் இறங்கும்போதுதான் பிரேக் போகிறது. எடையும் அப்படியே.

ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் 193 பவுண்டில் நின்று, 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். அதே நவம்பரில் 175க்கு இறங்கினார். எட்டு மாதத்தில் எட்டு கிலோ, அதுவும் கொழுப்பு இல்லாத, வளர்த்து எடுத்த தசை. அந்தச் சண்டையில் டார்வரிடம் நூலிழையில் தப்பினார். 2004 மே மாதம் அதே டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், செப்டம்பரில் கிளென் ஜான்சனிடம் மறுபடி. 35 வயதும் ஒரு காரணம்தான். ஆனால் தசையைக் கரைத்து இறங்கிய உடல் பழைய உடலாக இருக்கவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கெல் புரூக்கும் கொலோவ்கினுக்குப் பிறகு 147க்கு இறங்கினார். 2017இல் ஸ்பென்ஸோடு ஆடியபோது மற்றக் கண்குழி உடைந்தது.

ஆகவே ஏறினால் அங்கேயே இருக்கத் தயாராக ஏறுங்கள். ஒரு சண்டைக்கு மட்டும் என்றால், எடையை ஏற்றாமல் சொந்த எடையிலேயே மேல் பிரிவில் நிற்பது இதைவிடப் பாதுகாப்பு.

கேட்ச்வெயிட், மறுநாள் எடை என்கிறார்களே, அது என்ன?

இரண்டு பிரிவுக்கு நடுவே பேசி வைத்துக்கொள்ளும் எடை கேட்ச்வெயிட். பாக்கியாவ்-கோட்டோ 145இல் நடந்தது, பாக்கியாவ்-மார்கரிட்டோ 150இல். பேரம் பேசும் பலம் உள்ளவர்தான் இதை வாங்குவார். மறுநாள் எடை என்பது, தராசு தாண்டிய பிறகு இத்தனைக்கு மேல் ஏறக் கூடாது என்ற நிபந்தனை. உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்.இன் பட்டச் சண்டைகளில், சண்டை அன்று காலை வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது என்ற விதி நீண்ட காலம் இருந்து வந்தது. இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.சி. 30 நாள், 7 நாள் முன்பே எடை கேட்கும். தனி ஒப்பந்தமாகவும் எழுதுவார்கள்: 2023 ஏப்ரலில் ஜெர்வாண்டா டேவிஸ்-ரையன் கார்சியா சண்டை 136 பவுண்டில், மறுநாள் வரம்பு 146. பெரியவரான கார்சியா ஏழாவது ரவுண்டில் விலாக் குத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஏறிப் போகும் சாம்பியனுக்கு எங்கள் அறிவுரை: பரிசுத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது மறுநாள் எடை நிபந்தனையை எழுதி வாங்குங்கள்.

நான் ஏறவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தினமும் காலையில், கழிப்பறை போய் வந்து, தண்ணீர் குடிக்கும் முன், ஒரே தராசில், கெட்டித் தரையில் வைத்து 14 நாள் எடை பாருங்கள். மாவுக்கடைத் தராசில் ஒரு நாள், ஜிம் தராசில் ஒரு நாள் என்று மாற்றினால் அந்த நோட்டைக் கிழித்துப் போடலாம். 14 நாள் சராசரிதான் உங்கள் உண்மையான எடை.

தொழில்முறைக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு: சராசரி எடை வரம்பைவிட 6 சதவீதம் வரை கூடுதல் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். 8ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். 10ஐத் தாண்டினால், வயிற்றில் கொழுப்பும் இல்லை என்றால், ஏறிவிடுங்கள். உதாரணத்துக்கு 63.5 கிலோவில் ஆடுபவரின் சராசரி 72 என்றால் 13 சதவீதத்துக்கும் மேல். அவர் ஒவ்வொரு முறையும் தண்ணீரை வற்ற வைத்துத்தான் தராசில் ஏறுகிறார்.

எண்ணைத் தவிர வேறு அறிகுறிகளும் உண்டு. கடைசி இரண்டு வாரம் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டை) கை வருவதற்குள் எதிராளியின் ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்க் குத்து) வந்துவிடுகிறது. ஆறாவது ரவுண்டுக்குப் பிறகு கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. முன்பு தாங்கிய குத்துக்கு இப்போது முழங்கால் மடிகிறது. கடைசியாகச் சொன்னது ஒரு முறை நடந்தாலே போதும், இரண்டாவது முறைக்குக் காத்திருக்க வேண்டாம்.

கத்திரி வெயிலில் பிளாஸ்டிக் கோட்டு போட்டு மைதானத்தைச் சுற்றுவதை எடை குறைப்பு என்று நினைப்பவர்களுக்கு: அது வெப்பத் தாக்கத்துக்கு நேர்வழி. வியர்வை ஆவியாகாத உடல் சூட்டை வெளியே விட முடியாது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உப்போடு திரும்பப் போக வேண்டும். அப்படிப் போனாலும் ஒரே நாளில் உடல் முழுதாகத் தேறாது.

எடை ஏற்ற நம்ம ஊர்ச் சாப்பாடு போதுமா?

தாராளமாக. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்பதை நம்பிக் கொள்ளை ஒதுக்குகிறார்கள். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, ஒதுக்க வேண்டாம்.

66 கிலோ ஆள் 3 கிலோ ஏற 10 முதல் 12 வாரம் வையுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ. அதைவிட வேகமாக ஏறினால் ஏறுவது கொழுப்பும் தண்ணீரும்தான். இப்போது சாப்பிடுவதைவிட நாளைக்கு 300 முதல் 400 கலோரி கூடுதல் போதும். புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம், அதாவது 105 முதல் 130 கிராம். நான்கு முட்டை 24 கிராம், வெந்த கோழி 200 கிராமில் 55 கிராமுக்குக் கிட்டத்தட்ட, அரை லிட்டர் பால் 16, கொள்ளோ பருப்போ 100 கிராமுக்கு 22, ஒரு பிடி வேர்க்கடலை 8. கணக்கு முடிந்துவிட்டது, டப்பா பவுடர் இல்லாமலேயே. பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஊக்கமருந்துச் சோதனையில் சிலர் சிக்குவது லேபிளில் எழுதாத கலப்படத்தால் என்பதை நினைவில் வையுங்கள்.

ராகிக் களி அருமையான உணவு, ஆனால் நேரம் முக்கியம். நார்ச்சத்து அதிகம், வயிற்றில் வெகுநேரம் நிற்கும். மதியமோ இரவோ சாப்பிடுங்கள். ஸ்பாரிங்குக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, வாழைப்பழம் போதும். களி தின்றுவிட்டு வந்து விலாக் குத்து வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் "எடை ஏத்தறேன்" என்று கூடையோடு உட்காருபவர்களுக்கு ஒரு நாடா போதும்: தொப்புள் சுற்றளவை வாரம் ஒரு முறை அளந்து பாருங்கள். எடை ஒரு கிலோ கூடும்போது இடுப்பும் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் அது தசை இல்லை.

பயிற்சியில் எதை மாற்ற வேண்டும்?

தொடை, இடுப்பு, கழுத்து. வாரம் இரண்டு நாள் கனமான ஸ்க்வாட், டெட்லிஃப்ட், புல் அப்; ஐந்து ஐந்தாக நான்கு செட். கை தசை பெரிதாக வேண்டும் என்று பைசெப்ஸ் அடிப்பதால் தோள் இறுகி ஜாப் மெதுவாகும். நான்காவது வாரத்திலிருந்து உங்களைவிட 5 முதல் 8 கிலோ கூடுதலான ஆளோடு ஸ்பாரிங். அதில் இரண்டு ரவுண்டு வெறும் கிளிஞ்ச், குத்தே கிடையாது. ஜிம்மில் அந்த எடைக்கு ஆள் இல்லையென்றால் ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம். மாதம் நான்கு நாள் போய் வந்தாலும் போதும். ஆளே இல்லாமல் பை அடித்து மட்டும் ஏறாதீர்கள்.

என் மகனுக்கு 16 வயது, மாஸ்டர் எடையைக் குறைத்து கீழ்ப் பிரிவில் ஆடச் சொல்கிறார். சரியா?

வேண்டாம். அமெச்சூரில் எடை பார்ப்பது சண்டை நடக்கும் அன்று காலையில், ஆடும் ஒவ்வொரு நாளும். தண்ணீரை வற்ற வைத்து ஏறினால் தேற நேரமே இல்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு வாங்கும் மாவட்ட மெடலுக்கு மதிப்பு இல்லை. சராசரி எடை வரம்பைவிட 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேல் பிரிவில் பெயர் கொடுங்கள். மாஸ்டரிடம் சண்டை போட வேண்டாம், 14 நாள் எடை எழுதிய நோட்டைக் காட்டுங்கள். நல்ல மாஸ்டர் அதைப் பார்த்தே ஒப்புக்கொள்வார்.

அமெச்சூரில் மேலே ஏறுபவர்களும் பணத்துக்காகத்தானா?

இல்லை, பெரும்பாலும் ஒலிம்பிக்கில் அவர்கள் பிரிவு இல்லாததால். 48 கிலோவில் உலகப் பட்டம் வென்ற மேரி கோம், 2012 லண்டனில் பெண்களுக்கு 51, 60, 75 மட்டுமே இருந்ததால் 51க்கு ஏறினார். தன்னைவிட உயரமானவர்களோடு ஆடி வெண்கலம். 2014 ஆசியப் போட்டியில் அதே 51இல் தங்கம். அமித் பங்கல் 49 கிலோ நீக்கப்பட்டதும் 52க்கு ஏறி 2019 உலகப் போட்டியில் வெள்ளி எடுத்தார். லவ்லினா டோக்கியோவில் 69 கிலோ வெண்கலம். பாரிஸில் அந்தப் பிரிவு இல்லை என்றதும் 75க்குப் போய் 2023இல் உலகத் தங்கம். இறங்கி ஜெயித்தவரும் உண்டு: ஜாஸ்மின் லம்போரியா 60லிருந்து 57க்கு வந்து 2025இல் லிவர்பூலில் உலகப் பட்டம் வென்றார். உயரமான, ஒல்லியான உடல்வாகுக்கு அது பொருந்தும். குட்டையான, திரண்ட உடலுக்கு அந்த வழியை முயல வேண்டாம்.

ஏறிவிட்டால் பழைய பெல்ட் என்ன ஆகும்?

பொதுவாக ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மேலே வென்றதும் எந்தப் பிரிவில் இருக்கப் போகிறீர்கள் என்று அமைப்பு கேட்கும். பழையதில் கட்டாயச் சண்டை (அமைப்பு சொல்லும் எதிராளியோடு ஆடியே ஆக வேண்டியது) பாக்கி இருந்தால் சீக்கிரமே கேட்கும். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938இல் மூன்று பிரிவுப் பட்டத்தை ஒரே சமயத்தில் வைத்திருந்தார், ஆனால் அப்போது பிரிவுகளும் குறைவு, விதிகளும் வேறு. மேலே போய்த் தோற்றால் பழைய பெல்ட் தானாகப் போய்விடாது. ஆனால் அதைக் காக்க அந்த எடைக்குத் திரும்ப இறங்க வேண்டும். தோல்வியோடு, கூடிய தசையோடு, அமைப்பு கொடுத்த கெடுவுக்குள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் புரமோட்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: தோற்றால் எத்தனை மாதம் அவகாசம்? பதில் ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால், பெல்ட்டை இப்போதே விட்டுக்கொடுத்துவிட்டு ஏறுங்கள்.